பத்து மணிக்குக் கையில் என்ன?

டிராயிங் மிஸ்ஸை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகும் டவுன் பஸ்ஸில். நெரிசலில் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்த ஒல்லியான பெண்மணி, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரைப் பார்த்து, "அண்ணே, தப்பா நெனைச்சிக்காதீங்க. காலையில பத்து மணிக்கு உங்க கையில என்னா இருக்கும்?" என்று கேட்டார்.

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா கேள்வி இது? டிக்கெட் மிஷின்தான் இருக்கும்."

"அது ஒரு கையில. இன்னொரு கையில?"

"இன்னொரு கை கம்பிய புடிச்சிக்கினு இருக்கும். இல்லன்னா டிரைவர் போடுற பிரேக்குக்கு நான் முன்னாடி கண்ணாடியில போய் ஒட்டிக்கினு இருப்பேன். காலங்காத்தால பேஜாரு பண்ணாதம்மா. ஜல்தி சொல்லு, எங்க எறங்கணும்?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் கோணல்மாணலாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கண்டக்டர்: ஒரு கை மிஷின், ஒரு கை கம்பி.' பாவம், பார்க்க நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருக்கிறாள், மூளைக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். அரைமணி நேரம் கழித்து எங்கள் தலைமை ஆசிரியர் அதே பெண்மணியை அழைத்து வந்து, "டீச்சர், இவங்கதான் நம்ம ஸ்கூலுக்கு வந்திருக்கிற பகுதிநேர ஓவிய ஆசிரியை" என்றார்.

பெயரை நான் எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சத்துணவு சமைக்கிற அம்மாவுக்கும் அவர் டிராயிங் மிஸ்தான். வீடு திண்டிவனத்தில். வாரத்தில் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். கணவருக்கு நிலையான வேலை கிடையாது, ஒரு பெண் குழந்தை, இந்த ஒரு உத்தியோகத்தை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு லீவைக்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை, எழுதித்தான் கொடுப்பேன். தெரியாத ஊரில் இறங்க வேண்டிய இடம் தெரியாவிட்டால், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடப்பேனே தவிர, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்க மாட்டேன். அதைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் நேர் எதிர். கேட்பதற்கென்றே பிறந்தவர். ஆறு முதல் எட்டு வரைதான் அவருக்கு வகுப்பு. நான் எடுத்ததோ மூன்றாம் வகுப்பு. வந்த இரண்டாவது வாரமே என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "வெள்ளிக்கெழம கடைசி பீரியடு உங்க புள்ளைங்கள எனக்குக் குடுக்கிறீங்களா டீச்சர்?" என்றார். எனக்கு அந்த நேரத்தில் எழுத வேண்டிய பதிவேடுகள் மலைபோலக் கிடந்தன. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முதல் வெள்ளிக்கிழமை, "பெருசானா என்னா ஆவப் போறீங்களோ அத வரைங்க" என்று சொன்னார். இருபத்தாறு பிள்ளைகள். பத்து டாக்டர், எட்டு போலீஸ், நான்கு கலெக்டர். மிச்சம் இருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து வரைந்தார்கள். டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு, போலீஸுக்குத் தொப்பி, கலெக்டருக்கு ஒரு கார். எல்லா முகமும் முட்டை மாதிரி இருந்தது, எல்லாம் சிரித்தது. நானாக இருந்தால் எல்லாருக்கும் 'குட்' போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, மேசையில் வைத்தார்.

"சரி. இப்ப மூஞ்சி வேணாம், உடுப்பு வேணாம். கை மட்டும் வரையலாம். பெருசாயிட்ட. வேலைக்குப் போயிட்ட. காலையில மணி பத்து. உன் கையில என்னா இருக்கும்?"

கடைசியில் போலீஸ் ஒருவன் எழுந்தான். "லத்தி மிஸ்."

"பத்து மணிக்கா? யாரை அடிப்ப?"

அவன் யோசித்தான். காலைப் பத்து மணிக்கு அடிப்பதற்குத் தோதாக யாரும் அகப்படவில்லை போலிருக்கிறது. "தெரியல மிஸ்."

"எனக்கும் தெரியல. கேட்டுக்கினு வர்றேன்."

இந்த 'கேட்டுக்கினு வர்றேன்'தான் அவர். சொன்னபடி கேட்டுக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் ஒரு போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்து, என்ன புகார் என்று கேட்ட பெண் காவலரிடம், புகார் எதுவும் இல்லை, பத்து மணிக்கு உங்கள் கையில் என்ன இருக்கும் என்று கேட்டிருக்கிறார். பேனா இருக்கும், எழுதி எழுதி விரல் வீங்கிப் போகிறது என்று அந்தம்மா புலம்பியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறகு பேனா பிடித்த ஒரு கையை வரைந்து, ஓரமாகச் சுவரில் ஒரு லத்தியையும் சாத்தி வைத்தான்.

டாக்டர்களுக்காக அவர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த இளம் டாக்டர் சிரித்துவிட்டு, "கையில ஒண்ணும் இருக்காதுங்க. சோப்பு நுரைதான். ஒவ்வொரு பேஷண்டுக்கும் கழுவிக்கிட்டே இருப்பேன்" என்றாராம். என் வகுப்புப் பத்து டாக்டர்களும் ஸ்டெதஸ்கோப்பை அழித்துவிட்டுக் குழாயடியில் கை கழுவினார்கள். அந்த வாரம் முழுக்க, சோறு தின்னும் முன் யாருக்கும் நான் கை கழுவச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் ஒரு பை உண்டு. போகிற இடத்தில் எல்லாம் கேட்டு வாங்கிய சாமான்கள் அதில் கிடக்கும். துருப்பிடித்த ஸ்பேனர், ஊசி கழற்றிய சிரிஞ்சு, டெய்லர் டேப், மேஸ்திரி கொடுத்த தேய்ந்துபோன சாந்துக் கரண்டி. பிள்ளைகள் வேண்டியதை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தே வலது கையால் வரைவார்கள். பையில் இல்லாத சாமானுக்கு அதே பருமனில் வேறு ஏதாவது கொடுப்பார். "உடுப்பு வரைஞ்சா எல்லாரும் ஒரே மாதிரி நிப்பாங்க டீச்சர். கையத்தான் வரையணும். அப்பதான் அது வேலைன்னு புள்ளைக்கு வெளங்கும்" என்பார். அதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. துருப்பிடித்த சாமானைப் பிள்ளைகள் தொடுகிறார்களே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள், லாரி ஸ்டீரிங் வரைந்த பையனின் அம்மா மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே, தலையில் கட்டிய துண்டோடு சண்டைக்கு வந்துவிட்டார். "அவங்கப்பன் லாரியில கெடந்து சீரழியறது பத்தாதா? புள்ளைக்கும் அதையேவா சொல்லிக் குடுப்ப?" என்று வராந்தாவில் நின்று கத்தினார். நான் வகுப்புக் கதவைச் சாத்தப் போனேன். டிராயிங் மிஸ் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலக்கா. அவனே வரைஞ்சான். நாளைக்கு மாத்தி வரைவான். அது கெடக்கட்டும், நீங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது என்னா ஆவணும்னு இருந்தீங்க?"

அந்தம்மா முறைத்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பஸ் ஓட்டணும்னு இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போகும்போது அந்தம்மா மடியிலிருந்து இரண்டு கை மல்லாட்டையை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு பையன் கையை வரைந்து, அதில் ஒரு தலையணையை வரைந்திருந்தான். பத்து மணிக்குத் தலையணை. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். "உருப்பட்டாப்பலதான்" என்று பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி நானும் ஒரு வார்த்தை விட்டேன். டிராயிங் மிஸ் அவன் பக்கத்தில் குந்தினார். "பத்து மணிக்குத் தூங்குவியா? அப்ப வேலைக்கு எப்ப போவ?"

"ராத்திரிக்கு மிஸ். எங்கப்பா குடோன்ல வாட்ச்மேன். வெளக்க அணைச்சிட்டு எல்லாரும் போனப்புறம் அவருதான் பாத்துக்குவாரு."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் தலையைக் குனிந்து பதிவேட்டை எழுத ஆரம்பித்தேன். அந்தப் பையன் மூன்று வருஷமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் நிவேதா என்று ஒரு பெண். அம்மா அப்பா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். ஆண்டு விழாவுக்குக் கைப் படங்களை எல்லாம் கண்காட்சியாக வைக்கலாம் என்று டிராயிங் மிஸ் சொன்னபோது, நிவேதா எழுந்து, "நான் டீச்சர் ஆவப் போறேன் மிஸ். எங்க டீச்சர் மாதிரி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் டிராயிங் மிஸ்ஸின் பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு வரைந்தாள். டஸ்டர் வரைகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதே எட்டிப் பார்த்தால் விழா அன்று பார்க்கிற சந்தோஷம் போய்விடும் என்று பார்க்கவில்லை.

ஆண்டு விழா அன்று வராந்தாவில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு எல்லாப் படங்களையும் மாட்டியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வருவதாக ஏற்பாடு. பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டே வந்தேன். கணக்கு சார் ஒரு படத்துக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர். உங்க கைதான இது? வாட்ச்சே காட்டிக் குடுக்குது."

என் கைதான். பழுப்புத் தோல் வார் போட்ட என் வாட்ச், என் இரண்டு கண்ணாடி வளையல். கையில் செல்போன்.

கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. கீழே 'டீச்சர், மணி 10, ரா. நிவேதா, 3ஆம் வகுப்பு' என்று எழுதியிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் எனக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். முகத்தில் அறைந்தது போல இருந்தது. காலை பத்து மணிக்கு நாங்கள் செல்போனில் பிள்ளைகளின் வருகையைப் பதிவு செய்யவேண்டும். அந்த ஆப் சுற்றிச் சுற்றி நிற்கும், சிக்னல் தேடி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன். அது எனக்குத் தெரியும், கணக்கு சாருக்குத் தெரியும். வருகிற பெற்றோருக்குத் தெரியுமா? டீச்சர் வகுப்பில் செல்போன் பார்க்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லாதா?

டிராயிங் மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இதை எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"எடுங்கன்னா எடுங்க."

"கொழந்தைய ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துடலாம் டீச்சர். எதுக்கு வரைஞ்சிதுன்னு..."

அந்தக் 'கேட்டுட்டு' என் காதில் திராவகமாக விழுந்தது. கிளிப்பைப் பிடுங்கிப் படத்தை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்தேன். திங்கட்கிழமை காலை ஒரு வெள்ளைத்தாளில் முக்கால் பக்கம் எழுதி, தலைமை ஆசிரியர் மேசையில் வைத்தேன். பாடவேளையை வீணாக்குகிறார். ஆபத்தான துருப்பிடித்த பொருட்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறார். ஆசிரியர்களைக் கேலி செய்யும்படி மாணவர்களைத் தூண்டுகிறார். மூன்றாவது வாக்கியம் பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சித்தான் எழுதினீங்களா டீச்சர்? அந்தம்மாவுக்கு வருஷா வருஷம் பணி நீட்டிப்பு. இது ஆபீசுக்குப் போச்சின்னா அடுத்த வருஷம் வேலை இருக்காது."

"யோசிச்சித்தான் சார் எழுதினேன்."

அவர் பயந்த சுபாவம். எழுத்தில் வந்ததைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். புதன்கிழமை டிராயிங் மிஸ்ஸிடம் ஒரு விளக்கம் வாங்கி, இரண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எப்போதும் போல வாசலில் நின்று, "உள்ள வரலாமா டீச்சர்?" என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். கிட்டே வந்து, "நிவேதா அதோட படத்தத் தேடிக்கினு இருக்குது. என்னா சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"கிழிச்சிப் போட்டாச்சின்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று பட்டது. பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல், அடுத்த படத்தைப் பாதி வரைந்து வைத்திருந்த பிள்ளைகளிடம் போய் உட்கார்ந்துகொண்டார். நிவேதாவிடம் நான் சொல்லச் சொன்னதைச் சொல்லவும் இல்லை.

நிவேதாவே வந்தாள். திங்கட்கிழமை மணி அடிக்கும் முன்னால், என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், என் படம் தப்பா?" என்றாள்.

"டீச்சர்னா கையில போன்தானா இருக்கும்? புக்கு இருக்காதா? சாக்பீஸ் இருக்காதா?"

"பத்து மணிக்குப் போனுதான டீச்சர். பத்தே காலுக்குத்தான் புக்கு எடுப்பீங்க."

குறும்பு இல்லை, பயமும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன பிள்ளையின் முகம். அவளே தொடர்ந்தாள். "எங்க பேரெல்லாம் போனுக்குள்ளதான டீச்சர் இருக்குது? யாரு வரலன்னு தேடுவீங்க இல்ல? எனக்கு அம்மை போட்டப்ப, நிவேதா வரலன்னு அத வெச்சிதான கண்டுபுடிச்சி எங்கம்மாவுக்குப் போன் பண்ணீங்க. நான் உள்ள எல்லாரு பேரும் எழுதியிருந்தேனே, நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். படம் அப்படியே நாலு மடிப்பாக, குடைக்குக் கீழே கிடந்தது. பிரித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். செல்போன் திரையில் கோடு கோடாக இருந்ததை நான் பென்சில் கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். எறும்பளவு எழுத்தில் இருபத்தாறு பெயர். தலையணை வரைந்தவன் பெயர் இருந்தது, ஸ்டீரிங் வரைந்தவன் பெயர் இருந்தது. கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் நிவேதாவின் பெயர். அந்த அறையில் உட்கார்ந்து நான் அழுதேன். எனக்குப் பெரிய பாரமாக, வெறும் தொல்லையாக இருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான், டீச்சர் நம்மை ஒவ்வொருவராகத் தேடுகிறாள் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. டிராயிங் மிஸ் கேட்காமல் இருந்திருந்தால் இது எனக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது.

அன்று மத்தியானம் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கல்வி ஆபீசுக்குப் போனேன். என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரிவு எழுத்தரிடம் கேட்டேன். அந்த ஒரு வாக்கியம் அவர் காதில் விழ இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "உள்ள வந்த தபால வெளியில குடுக்க முடியாதுங்க மேடம். வேணும்னா இன்னொண்ணு எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே நின்றபடி எழுதினேன். அதிகாரி உள்ளே கூப்பிட்டார். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அப்ப முன்னாடி எழுதினது பொய்யா?"

"ஆமாங்க சார்."

"எழுத்துல குடுத்திருக்கீங்க. உங்க மேலதான் நடவடிக்கை வரும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். வரட்டும். அவங்க வேலை போகக் கூடாது."

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மெமோ. வாங்கிக்கொண்டேன். நிவேதாவின் படத்தை மடிப்பு தெரியாமல் பின்பக்கம் டேப் ஒட்டி, கரும்பலகைக்குப் பக்கத்தில் நானே மாட்டினேன். மே மாசக் கடைசியில் நீட்டிப்பு ஆணை வந்தது, டிராயிங் மிஸ் பெயர் அதில் இருந்தது. ஆனால் இடம் எங்கள் பள்ளி இல்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. வீட்டுக்குக் கிட்டே வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டிருந்தாராம். அவருக்கு நல்லதுதான். எனக்குத்தான், முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று சாப்பாடு இறங்கவில்லை.

பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். தெருப் பெயர் மட்டும் தெரியும். டீக்கடையில் ஒன்று, மாவு மில்லில் ஒன்று, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஒன்று என்று கேட்டுக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மாடிப்படிக்குக் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தார். "டீச்சர்!" என்று சோப்புக் கையோடு எழுந்து வந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன்.

"மிஸ், உங்க மேல எழுதிக் குடுத்தது நான்தான்."

"தெரியும் டீச்சர். சார் வெளக்கம் கேட்டப்பவே அந்தப் பேப்பரக் காட்டினாரு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீங்க ஆபீசுக்குப் போனதையும் அப்புறமா சொன்னாரு."

"தெரிஞ்சுமா அந்த வெள்ளிக்கிழமை என் கிளாஸுக்கு வந்தீங்க?"

அவர் கையை முந்தானையில் துடைத்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. போலீஸ்ல இருந்து டாக்டர் வரைக்கும் ஒருத்தரையும் விடாம கேட்டீங்க. என்கிட்ட வந்து, ஏன் இப்படி எழுதினீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"கேக்கணும்னுதான் டீச்சர் உங்க மேசைகிட்ட வந்தேன். அப்புறம் பயந்துட்டேன். நான் கேட்டு, 'ஆமாம், இனிமே நீ உள்ள வராத'ன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் என்னா பண்றது? புள்ளைங்க எல்லாம் பாதி படத்துல இருந்துச்சிங்க."